அடுத்த ஸ்பூன்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திருங்க தம்பி. குளிருக்கு இல்ல. ஆயுசுல பாதிக்கு மேல இந்த மலையில கழிச்சவனுக்குக் குளிர் என்ன பண்ணும்? அந்த மெஷின் ரம்பம் சத்தம் கேக்குதுல்ல, அதுக்குத்தான். மூணாவது வளைவு திரும்புற வரைக்கும் கேக்கும். அதைக் கேக்க வேணாம்னுதான் முதல் பஸ்ஸுக்கே வந்தேன். அவனுங்க என்னடான்னா எனக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டானுங்க.

சாத்திட்டீங்களா? சந்தோஷம். வத்தலக்குண்டு தானே? நானும் அங்கதான். அங்கருந்து பஸ் மாறி மக வீட்டுக்கு. இனிமே இந்த மலைப்பக்கம் வர்ற சோலி இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன்.

என்ன வெட்டுறாங்கன்னு கேக்க மாட்டீங்களா? காபிச் செடி தம்பி. கொடும்பாறை காபி ஆராய்ச்சிப் பண்ணைன்னு வழியில போர்டு பாத்திருப்பீங்க. அதுல எட்டாம் பிளாக். அம்புட்டும் என் கையால வச்ச செடி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மொட்டையாயிரும். யாரால ஆச்சுன்னு கேட்டா ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவான். நான் நடந்தது நடந்தபடி சொல்றேன், நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க. நீங்க வெளியாளு, உங்களுக்கு ஒரு பக்கமும் சாயணும்னு இல்ல.

என் பேரு தெய்வநாயகம். செடி வளர்ப்புப் பிரிவுல டெக்னிகல் ஆபீசரா இருந்தேன். ஒரு வருஷம் இலைத்துரு நோய் வந்துச்சு. இலைக்கு அடியில மஞ்சப்பொடி தூவுன மாதிரி இருக்கும், அப்புறம் பாத்தா செடி முழுக்க விறகுக் குச்சி. எட்டாம் பிளாக்ல ஒரு இலை தங்கல. நடுவுல ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப் பசேல்னு நிக்குது. யாரும் வெட்டிறக் கூடாதுன்னு ஒரு சிவப்புத் துணியைக் கிழிச்சு அதுல கட்டிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பாத்தா களையெடுக்க வந்த பொம்பளைங்க அதுக்குக் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டிருக்காளுங்க. என்னங்கடின்னு கேட்டா, பச்சையம்மான்னு சொல்றாளுங்க. நானும் அந்தப் பேரையே வச்சுக்கிட்டேன். ஆபீஸ்ல அதுக்கு ஏதோ நம்பர் உண்டு. எனக்குப் பச்சையம்மாதான்.

அதோட விதையை எடுத்து நாத்துப் போட்டு, அதுல நல்லதைப் பொறுக்கி, திரும்பவும் நாத்துப் போட்டு, எட்டாம் பிளாக் பூராம் அதோட வம்சமாவே நட்டுன்னு பதினெட்டு வருஷம் தம்பி. என் வீட்டுக்காரி சாகுற வரைக்கும் கேலி பண்ணுவா, உங்க மூத்த மகளைப் பாத்துட்டு வந்துட்டீங்களான்னு. ஆனா ஒண்ணு, அந்தத் தோட்டத்துப் பழம் ஒண்ணுகூட என் வீட்டு வாசப்படி ஏறினதில்ல. அரசாங்கச் சொத்து. வீட்ல கடையில அரைச்ச தூள்தான், சிக்கரி போட்டது. அந்த விஷயத்துல நான் நெருப்பு மாதிரி.

நோய் தாங்குனா மட்டும் போதாது. எருக்கஞ்செடிக்குக்கூடத்தான் நோய் வராது. அதோட காபி குடிக்கிற மாதிரி இருக்கணும். ருசி பாத்து மார்க் போடுற குழு ஒண்ணு இருக்கு, அது நூத்துக்கு எண்பது போட்டாத்தான் விவசாயிக்கு நாத்துக் குடுப்பாங்க. இல்லைன்னா அந்தச் செடியை அழிச்சுட்டு வேற வச்சிருவாங்க. அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவர். சிரிக்காதீங்க, காபி குடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குன ஆளுதான் நான்.

நீங்க நினைக்கிற டிகாஷன், பாலு, சக்கரை எல்லாம் கிடையாது. கொட்டையை வறுத்து, கொரகொரன்னு அரைச்சு, பீங்கான் கப்புல போட்டு வெந்நிய ஊத்துவோம். கொஞ்ச நேரத்துல தூள் மேல வந்து ஆடை கட்டும். அதை ஸ்பூனால கீறி விட்டு, மூக்கைக் கிட்டக் கொண்டு போய் மோந்து பாக்கணும். அப்புறம் ஒரு ஸ்பூன் எடுத்து சர்ர்ர்னு உறிஞ்சணும். வீட்ல பிள்ளைங்க அப்படி உறிஞ்சினா முதுகுல ஒண்ணு வைப்போம். அங்க அதுதான் முறை. காத்தோட கலந்து நாக்கு பூராம் பரவி மூக்குக்குள்ள ஏறினாத்தான் காபி என்னன்னு தெரியும். தெரிஞ்சதும் துப்பிரணும். கப்புக்கு அடியில நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும், எந்தச் செடின்னு தெரியாது. ஒரே கப்புல எல்லாரும் வரிசையா ஸ்பூன் போடுவோம்.

எச்சில்னு நினைக்கிறீங்கல்ல? மூஞ்சி போற போக்கே சொல்லுது. சேர்ந்த புதுசுல நானும் நினைச்சேன். ஆனா வேலைன்னு வந்துட்டா எச்சில் என்ன, சுத்தம் என்ன? நாங்க நாலு பேரு, அண்ணன் தம்பி மாதிரி வருஷக்கணக்கா ஒரே கப்புல குடிச்சிருக்கோம். ஒருத்தனுக்கு ஒரு தலைவலி வந்ததில்ல.

அப்புறம்தான் செம்மலர் வந்தா.

தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல பொண்ணு. கோயமுத்தூர்ல படிச்சு, பெங்களூர்ல மூக்குக்குன்னே தனியா பயிற்சி எடுத்துப் பாஸ் பண்ணிட்டு வந்த பொண்ணு. அவ அப்பன் எங்க பண்ணையில மருந்தடிச்சவன்தான். ஆத்தாக்காரி களம் கூட்டுவா. கீழ கூலியாளுங்க இருக்கிற லைன் வீடு. அந்தப் புள்ள தூக்குவாளி எடுத்துக்கிட்டு அப்பனுக்குக் கஞ்சி கொண்டு வந்த நாள்ல இருந்து எனக்குத் தெரியும். அது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு என் பக்கத்துல வந்து நிக்குதுன்னா எனக்குப் பெருமை இல்லையா? பண்ணை டைரக்டர் அம்மாகிட்ட நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அவ குழுவுல சேர்ந்த அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் சளி. சளியோட ஒரே கப்புல ஸ்பூன் போடுறது நல்லதில்லைன்னு மனசுக்குப் பட்டுச்சு. அந்த அக்கறையிலதான் மறுநாளே என் கைக்காசைப் போட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கிட்டு வந்தேன். கப்புல இருந்து பொதுக் கரண்டியால ஆளுக்குக் கொஞ்சம் டம்ளர்ல ஊத்திக்கிட்டு, வாய் படாம அண்ணாந்து குடிச்சுக்கலாம்னு ஏற்பாடு. நம்ம வீட்லயெல்லாம் அப்படித்தானே குடிக்கிறோம்? கடையில நாலு டம்ளர்தான் இருந்துச்சு. அதனால செம்மலருக்கு மட்டும் ஒரு கண்ணாடி டம்ளர். கண்ணாடின்னா காபியோட நிறம் நல்லாத் தெரியும், பாக்கப் போனா அவளுக்குத்தான் வசதி. சளி ஒரு வாரத்துல போயிருச்சு. ஏற்பாடு சுத்தமா இருந்ததால அப்படியே வச்சுக்கிட்டோம்.

மத்த மூணு பேரும் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுலயே தெரியலையா, அவங்களுக்கும் அது சரின்னு பட்டிருக்குன்னு.

இல்ல தம்பி. நீங்க அப்படிப் பாக்க வேணாம். நான் அதெல்லாம் பாக்கிற ஆளு இல்ல. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு லைன் வரைக்கும் இறங்கிப் போய் மொய் எழுதிட்டு வந்தவன் நான். சாப்பிட உக்காரத்தான் முடியல, அன்னிக்கு வேற சோலி இருந்துச்சு. அதோட ஒரு பொண்ணு, ஆம்பளைங்களுக்கு நடுவுல நின்னு சர்ர்னு உறிஞ்சுறது நல்லாவா இருக்கு? அதையும் நினைச்சுத்தான் செஞ்சேன். எல்லாம் அவ நல்லதுக்கு.

ஒரு நாள் என் ரூமுக்கு வந்தா. வந்து நின்னுக்கிட்டே சொல்றா: "சார், டம்ளர்ல ஊத்தினதும் சூடு இறங்கிருது. அண்ணாந்து ஊத்தினா நேரா தொண்டைக்குப் போயிருது, நாக்குல நிக்கவே மாட்டேங்குது. ருசியே பாக்காம மார்க் போடுறோம் சார்."

எங்க நாக்கெல்லாம் பழகுன நாக்கும்மா, போய் வேலையைப் பாருன்னு அனுப்பிட்டேன். அவளும் அதுக்கு மேல பேசல. பேசுற ஜாதி இல்ல அது, சொன்னாக் கேட்டுக்கும். அமைதியான பொண்ணுன்னு சொல்ல வந்தேன்.

அந்தச் சமயம்தான் பச்சையம்மா முதல் தடவையா மேசைக்கு வருது. காய்ப்பு நல்ல காய்ப்பு. நோய்னு ஒரு புள்ளி கிடையாது. மார்க் எழுபத்திரண்டு. சரி, மழை கூடிப்போச்சுன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் எழுபத்தொண்ணு. வறுக்கிறவனைப் பிடிச்சு ஏசினேன். தண்ணியில சுண்ணாம்பு இருக்குன்னு சொல்லி வேற ஊத்துத் தண்ணி கொண்டு வரச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, மத்த செடிங்களுக்கும் அந்த ரெண்டு வருஷமும் மார்க் இறங்கித்தான் கிடந்துச்சு. வழக்கமா எண்பத்தஞ்சு வாங்குற பழைய ரகம்கூட எழுபத்தாறுல நின்னுச்சு. காலம் கெட்டுப் போச்சு, மண்ணு கெட்டுப் போச்சுன்னு பேசிக்கிட்டோம்.

மூணாவது வருஷம்தான் கடைசி வாய்ப்பு. அதுலயும் தவறினா பிளாக்கைக் காலி பண்ணணும்னு மேல இருந்து உத்தரவு. டைரக்டர் அம்மா நல்லவங்க, எனக்காக ஒண்ணு செஞ்சாங்க. குடகுல இருந்து மாச்சய்யான்னு ஒருத்தரை வரவழைச்சாங்க. ருசி பாக்கிறதுல பெரிய கை. அவர் பக்கத்துல இருந்து மேற்பார்வை பாப்பார், நம்ம அஞ்சு பேரும் மார்க் போடணும், அஞ்சுல ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது. இதுதான் ஏற்பாடு. அன்னிக்குக் காலையில எனக்கு இட்லி இறங்கல. பொண்ணு பாக்க வர்ற வீட்ல அப்பன்காரன் எப்படி உக்காந்திருப்பான், அப்படி உக்காந்திருந்தேன்.

மாச்சய்யா உள்ள வந்ததும் முதல்ல அந்த டம்ளரைத்தான் பாத்தார். இது என்ன, ரசம் குடிக்கவான்னு கேட்டுச் சிரிச்சார். நாங்களும் சிரிச்சோம். அப்புறம் அந்தக் கண்ணாடி டம்ளரைத் தனியா எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்தார். இது யாருக்குன்னு கேட்டார். டைரக்டர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. செம்மலர்தான், எனக்குத்தான் சார்ன்னு சொன்னா. அவர் அதைக் கீழ வச்சுட்டு, டம்ளர் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, கப்பும் ஸ்பூனும் போதும்னார். அப்புறம் வரிசையை அவரே வச்சார். பயிற்சி எடுத்த மூக்குங்கிறதால செம்மலர் முதல்ல நின்னு ஆடையைக் கீறணுமாம். தலைவர்ங்கிறதால அவளுக்கு அடுத்து நான்.

புரியுதா? ஒவ்வொரு கப்புலயும் அவ ஸ்பூன் போட்டு, அடுத்தது என் ஸ்பூன்.

நான் என்ன பண்ணினேன்னா, ஸ்பூனைக் கப்புக்கு மேல கொண்டு போய், உள்ள விடாம, அப்படியே வாய்க்குக் கொண்டு வந்தேன். வெறும் ஸ்பூன். துப்புற மாதிரி துப்பிட்டு, சுமாரா ஒரு மார்க் எழுதிட்டு நகர்ந்தேன். முதல் கப்பு, ரெண்டாவது கப்பு எல்லாம் அப்படியே போச்சு. அது என் செடி இல்லைன்னு எனக்குத் தெரியும். எப்படின்னா, அவ ஆடையைக் கீறும்போதே வாசனை வருதுல்ல, இத்தனை வருஷம் பழகுனவனுக்கு அதுல பாதி தெரிஞ்சிரும்.

அஞ்சாவது கப்பு. அவ குனிஞ்சு கீறினா பாருங்க. அப்படி ஒரு வாசனை தம்பி. எங்கேயோ பலாப்பழம் அறுத்த மாதிரி, அதுக்குள்ளயே ஒரு பூ வாசனை. அவ கீறிட்டு ஒரு நொடி நிமிரவே இல்ல. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தா. அவளுக்கும் தெரிஞ்சு போச்சு, அது பச்சையம்மாதான்னு. சர்ர்னு உறிஞ்சினா. கண்ணை மூடிக்கிட்டா. துப்பக்கூட இல்ல, முழுங்கிட்டா. எழுதிட்டு நகர்ந்துட்டா.

அடுத்து நான். நிஜமாவே குடிக்கணும்னுதான் நினைச்சேன். கையை நீட்டினேன். பொய் சொல்லல, நீட்டினேன். ஸ்பூன் கப்பு விளிம்புல பட்டு டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அதுக்குக் கீழ கை இறங்கல. நான் இறக்கணும்னு நினைக்கிறேன், அது இறங்க மாட்டேங்குது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வெறும் ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போனேன்.

மாச்சய்யா எனக்குப் பின்னாடி நிக்கிறார். "எல்லார் சத்தமும் கேக்குது. உங்க சத்தம் மட்டும் முதல் கப்புல இருந்து கேக்கல. ஏன்?"ன்னார்.

நான் உறிஞ்சினேன் சார்ன்னு சொன்னேன். அப்படின்னா இன்னொரு தடவை உறிஞ்சுங்கன்னு சொல்லிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார் மனுஷன். கூட வேலை பாத்த மூணு பேரும் தரையைப் பாக்கிறானுங்க. அவனுங்க மட்டும் குடிச்சுக்கிட்டே வந்தானுங்க, பாத்துக்கங்க. அன்னிக்கு என்னவோ அவனுங்களுக்கு மட்டும் ஒண்ணும் தோணல. கப்பு ஆறிக்கிட்டே இருக்கு. பதினெட்டு வருஷம் என் கண்ணு முன்னாடி ஆறிக்கிட்டு இருக்கு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா. சத்தமாக்கூட இல்ல.

"சார் முன்னாடி போகட்டும். நான் எல்லாருக்கும் கடைசியா வர்றேன்."

ஏன்னு மாச்சய்யா கேட்டார். அவ மேசையை விட்டு ஒதுங்கி எனக்கு வழி விட்டா. ஏன், ஏன்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக் கேக்கிறார். அப்புறம் அவருக்கே விளங்கிருச்சு போல. என்னைப் பாத்த பார்வை இருக்கே, அந்த மாதிரி என்னை எங்க அப்பன்கூடப் பாத்ததில்ல. வயித்தை வலிக்குதுன்னு சொல்லி, ஸ்பூனை மேசையில வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

அவ்வளவுதான் கதை. நாலு பேர் மார்க்கு எண்பத்தேழாம். அஞ்சு பேர் இல்லாததால அது செல்லாது. அதோட விடாம, இந்தக் குழு மூணு வருஷமாப் போட்ட எந்த மார்க்கையும் நம்ப முடியாதுன்னு மாச்சய்யா எழுதிட்டுப் போயிட்டார். திட்டத்துக்குக் காலம் முடிஞ்சு போச்சுன்னு மேல சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை ருசி பாக்கணும்னு கேட்டு அந்தப் பொண்ணு திண்டுக்கல்லுக்கும் சென்னைக்கும் அலைஞ்சாளாம். நான் கேட்டேனா? என் செடிக்கு அவ எதுக்கு அலையணும்?

எனக்கு மாச்சய்யா மேலகூடக் கோவம் இல்ல. அவர் வெளியூர்க்காரர், நம்ம ஊர் சங்கதி அவருக்குத் தெரியாது. என் கோவமெல்லாம் அவ மேலதான். அவ சும்மா இருந்திருந்தா நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன். சார் முன்னாடி போகட்டுமாம். எனக்கு அவ விட்டுக் குடுக்கிறாளாம். அத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டா தம்பி. ஒருத்தனைத் திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம். இதை எப்படித் தாங்குறது, நீங்களே சொல்லுங்க.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? சரி, விடுங்க. சின்னப் பையன், உங்களுக்கு என்ன தெரியும்.

இன்னிக்குக் காலையில பாருங்க, பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறா. கையில ஒரு பிளாஸ்க். எட்டாம் பிளாக்குல கடைசியாப் பறிச்சது சார், நானே வறுத்தேன், வழியில குடிங்கன்னு நீட்டுறா. நான் சும்மா நிக்கிறேன். உடனே சொல்றா: "புது பிளாஸ்க்தான் சார். கடையில வாங்கினது. யாரும் வாய் வைக்கல."

அப்படி ஏன் சொல்லணும்? நான் கேட்டேனா? நான் பஸ்ல ஏறி உக்காந்தா பின்னாடியே ஏறி வந்து, பஸ்ஸை எடுக்கிற நேரத்துல சீட்டு மேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டா. இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. அவ தொட்டு, அவ வீட்ல வறுத்து, அவ வீட்டுத் தண்ணியில போட்டது. எனக்குக் காலையில காபி குடிக்கிற பழக்கம் விட்டுப் போச்சு, அதான்.

நீங்க குடிங்க. சும்மா வாங்குங்க தம்பி. எனக்காக ஒரு வாய். மூடியைக் கழட்டி அதுலயே ஊத்திக்கங்க. பஸ்ஸு குலுங்குது, பாத்து. ஆ, வந்துருச்சு பாருங்க வாசனை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாக்கிறார். அதேதான். அன்னிக்கு வந்த அதே வாசனை.

இருங்க, இருங்க, அண்ணாந்து ஊத்தாதீங்க. மூடியில வாயை வச்சே குடிங்க. சர்ர்னு உறிஞ்சுங்க. யாரு பாத்தாலும் பாக்கட்டும். அப்படித்தான். இன்னொரு தடவை, இன்னும் சத்தமா. உடனே முழுங்கிராதீங்க, நாக்குலயே வச்சிருங்க.

என்ன, கண்ணை மூடிட்டீங்க?

எனக்கா? வேணாம், வேணாம். நீட்டாதீங்க, சிந்திரும். நீங்களே குடிங்க. நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. முதல்ல புளிப்பு வருதா, இனிப்பு வருதா? புளிப்புன்னா எப்படி, ஆரஞ்சு மாதிரியா, நாவப்பழம் மாதிரியா? முழுங்குனப்புறம் தொண்டையில என்ன நிக்குது? நிக்குதா, போயிருதா? அவசரமே இல்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, கீழ போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு. நாத்துல இருந்து வளத்தேன் தம்பி. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.